நடுச்சுவர்: சித்தூர் எல்லையில் ஒரு ரெட்டை வீட்டைப் பிரித்துக் கட்டியது

ஒன்பது அங்குலச் சுவர்தான். கிழக்கே ஓர் அக்காவின் அடுப்படி, மேற்கே ஒரு மாமாவும் அத்தையும் படுக்கும் அறை. அக்கா அம்மியில் தேங்காய் அரைத்தால் இந்தப் பக்கம் டிவியின் சத்தத்தைக் கூட்ட வேண்டும். ராத்திரி மாமா இருமினால் அந்தப் பக்கம் அக்கா விழித்துக்கொள்வார். ஒரே ஓட்டுக்கூரை, ஒரே உத்தரம், இரண்டு ரேஷன் கார்டு.

அக்காவுக்குப் புது வீடு கட்ட அரசு 4 லட்சம் ஒதுக்கியது. மாமாவுக்கு ஒதுக்கவில்லை. அக்கா தன் பாதியை இடித்தால் மாமாவின் கூரைக்கு ஒரு பக்கம் தாங்கல் போய்விடும். இடிக்காமல் நாளைக் கடத்தினால் ஒதுக்கிய பணம் கைவிட்டுப் போகும். இந்த முடிச்சை அவிழ்க்க எங்களுக்கு ஒன்றேமுக்கால் வருடம் பிடித்தது. நடுவில் ஒரு தடவை நாங்களே அதை இன்னும் இறுக்கிவிட்டோம். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் என்றால், லாபம் எடுக்காத ஒரு சின்ன வீட்டுவசதி அமைப்பு. ஆறு பேர், ஒரு வாடகை அறை, ஒரு பழைய பிக்கப் வண்டி. நான் டிப்ளமோ படித்த சிவில்காரன், பொள்ளாச்சிப் பக்கம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அங்கே கூப்பிட்டபடியே அக்கா, மாமா, அத்தை என்றே போகட்டும்.

இடமும் மண்ணும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. ஆந்திராவின் சித்தூர் வேறு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வண்ணாமடை, வேலந்தாவளம் என்று கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி நீளும் இந்தப் பக்கம் வீட்டுக்குள் தமிழ்தான், அதுவும் 'ஏனுங்க', 'சரிங்க' போடும் கொங்குத் தமிழ். ஆபீஸுக்குப் போனால் மலையாளம். பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்த தாலுகா இது, 1956-இல் கேரளத்தோடு நின்றுவிட்டது. கேரளம் என்றதும் மனதில் வரும் பச்சையும் ஓடையும் இங்கே தேடினால் கிடைக்காது. பனை, தென்னை, கள்ளு இறக்கும் தோப்பு, காய்ந்த வரப்பு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருடம் 7.25 டிஎம்சி தண்ணீர் வந்தால்தான் வயல். வராத வருடம் சாலை மறியல்.

இன்னொரு விசேஷமும் உண்டு. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தத் தாலுகாவில் மட்டும்தான். மற்ற ஜில்லாவெல்லாம் செம்மண், செம்பாறாங்கல். இங்கே கோடையில் கால் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழையில் களியாக ஊதிவிடும். மேலே சுவர் இருந்தால் அதையும் சேர்த்துத் தூக்கும், மறுபடி காயும்போது இறக்கும். திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து ஒரு வீட்டுக்கு 4 லட்சம் என்று கணக்குப் போட்டவருக்கு இந்த மண் நினைவில் இருந்திருக்காது என்பது என் சந்தேகம். அவர் கணக்கில் இருந்தது தரைக்கு மேலே உள்ள வீடு.

அந்த ரெட்டை வீடு லட்சம் வீட்டுக் காலனியில் இருக்கிறது. 1972-இல் அச்சுத மேனன் அரசில் வீட்டுவசதி அமைச்சராக இருந்த எம். என். கோவிந்தன் நாயர் கொண்டுவந்த திட்டம் அது. பஞ்சாயத்துக்கு 100 வீடு, கேரளம் முழுக்க ஒரு லட்சம் வீடு, அதில் இடமும் இல்லாத கூலிக்காரர்களைக் குடியேற்றுவது என்பது கணக்கு. எத்தனை குறை சொன்னாலும், மிராசுதாரின் தோட்டத்து மூலையில் 'எப்போ இறங்கச் சொல்வாரோ' என்று கிடந்தவருக்குத் தன் பெயரில் ஒரு கதவு கிடைத்தது அதில்தான். செலவைக் குறைக்கப் பல இடங்களில் இரண்டு குடும்பத்துக்கு ஒரு நடுச்சுவர் வைத்துக் கட்டினார்கள். ஒரு பாதி சுமார் 250 சதுர அடி. செங்கல்லும் மரமும் அன்றைக்கு அதில் மிச்சமாகியிருக்கும். வட்டியை ஐம்பது வருடம் கழித்து இவர்கள் கட்டுகிறார்கள்.

காகிதம்

2016-க்குப் பிறகு வந்த கேரள அரசின் லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்தில் வீடில்லாதவர், இடிந்த வீட்டுக்காரர் எல்லாருக்கும் தலா 4 லட்சம். பழங்குடிக் குடியிருப்புகளில் 6 லட்சம். ரேஷன் கார்டை வைத்துக் குடும்பம், நிலக் காகிதத்தை வைத்துத் தகுதி. மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1,20,000தான், அதிலும் டெல்லியின் பங்கு 72,000. மீதியை மாநிலமும் பஞ்சாயத்தும் போட்டு நாலாக்குகின்றன. ஆகவே இந்தத் தொகையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது படிப்படியாக வரும். அஸ்திவாரம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் பீம்) என்று ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக் காட்டினால்தான் பெரிய தவணை. பெரும்பாலும் முதலில் உங்கள் கைக்காசைப் போட்டு வேலையைக் காட்ட வேண்டும், அப்புறம்தான் அவர்கள் காசு. கைக்காசு இல்லாதவருக்காகவே வந்த திட்டத்தில் இது எப்படி நடக்கும் என்று கேட்டால், பஞ்சாயத்து ஆபீசில் சிரிப்பார்கள். கிண்டலாக இல்லை, அவர்களுக்கும் தெரியும்.

அக்காவின் காகிதம் சுத்தம். கணவர் தென்னை ஏறி விழுந்து இறந்தவர். பட்டயம், அதாவது மனையின் உரிமைப் பத்திரம், அவர் பெயரில் இருந்து அக்காவுக்கு மாறி, வருடா வருடம் கரம் (நிலவரி) கட்டிய ரசீதுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மகன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை.

மாமாவிடம் இருந்தது ஒரு முத்திரைத்தாளும் இல்லாத வெள்ளைப் பேப்பர். முதலில் அரசு கொடுத்தது வேறொருவருக்கு. அவர் திருப்பூர் போகும்போது இவரிடம் பாதி வீட்டை விற்றுவிட்டுப் போனார். எழுதிக் கொடுத்தவரும் இறந்துவிட்டார், சாட்சியும் இறந்துவிட்டார். இப்படிக் கைமாறிய வீடுகள் எந்த லட்சம் வீட்டுக் காலனியிலும் உண்டு. அனுபவம் மாமாவுடையது, பட்டயம் செத்தவருடையது. பட்டியலில் பெயர் வர வழியே இல்லை.

வாரிசுகளை எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கை தேடிப் போனாள். மூன்று பேர். இரண்டு பேர் திருப்பூரில், ஒரு பெண் வண்ணாமடையில். திருப்பூர்க்காரர்கள் முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை டீ கொடுத்தார்கள். மூன்றாம் தடவை, "எங்கப்பன் வாங்கின காசைத் திருப்பிக் கேக்கவாங்க வந்தீங்க?" என்று கேட்டார்கள். பயம்தான் தடையாக இருந்திருக்கிறது, பேராசை இல்லை. கையெழுத்துப் போடச் சம்மதித்தார்கள். ஆனால் அவர்கள் வாரிசுகள் என்பதற்கு வில்லேஜ் ஆபீஸ் விசாரணை, தாலுகா ஆபீஸ், கெசட்டில் விளம்பரம், ஆட்சேபம் வருமா என்று காத்திருப்பு. அதற்குள் அக்காவின் கெடு தாண்டிவிடும்.

விண்ணப்பம், சம்மதபத்திரம் எல்லாம் மலையாளத்தில். மாமாவுக்குப் பேச வரும், படிக்க வராது. 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று இருக்கிறது. அதைச் சொல்லி மாமாவின் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பதில் வர இரண்டு வாரம் கூடுதலாக ஆனது. அடுத்ததை மலையாளத்தில் எழுதினோம். கொள்கை வேறு, கெடு வேறு.

நாங்கள் செய்த தப்பு

மூன்று வழி இருந்தது. இரண்டு பாதியையும் இடித்து இரண்டு வீடு கட்டலாம். மாமாவின் வீட்டுக்குப் பணம் இல்லை. நடுச்சுவரை மட்டும் விட்டுவிட்டு அக்காவின் பாதியை இடிக்கலாம். ஐம்பது வருடக் களிமண் சாந்துச் சுவர், கூரை இழுவையும் தாங்கி, மழையும் தாங்கித் தனியாக நிற்குமா? மூன்றாவது, மாமாவின் பக்கம் நடுச்சுவருக்கு ஒட்டி முதலில் ஒரு புதுச் சுவர் எழுப்பி, உத்தரத்தை அதன் மேல் மாற்றிவிட்டு, அப்புறம் பழையதை இடிப்பது.

மூன்றாவதை எடுத்தோம். மாசியில் வேலை. மண் கல் மாதிரி இருந்தது. இரண்டடி தோண்டினோம், கடப்பாரை தெறித்தது. மேஸ்திரி, "இதுக்கு மேல என்னத்துக்குங்க, பாறையாட்டம் இருக்குது" என்றார். நான் தலையாட்டினேன். கரிசல் மண் கோடையில் பாறை மாதிரித்தான் இருக்கும் என்பது பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. காசு மிச்சமாகிறதே என்ற ஆசையில் அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் அத்தை போன் செய்தார். புதுச் சுவரின் ஒரு மூலையில் இருந்து ஜன்னல் மட்டம் வரை படிக்கட்டு மாதிரி விரிசல், ஒரு ரூபாய் நாணயம் நிற்கும் அகலம். நல்லவேளை, அக்காவின் பாதி இன்னும் இடிபடவில்லை. இடித்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லீங்க தம்பி, பழைய சுவரு கெட்டியாத்தான இருக்குது" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அக்காதான் கேட்டார்: "படிச்ச பையன்தானுங்க நீங்க?"

அமைப்பின் கூட்டத்தில் இது பெரிய சண்டையானது. நன்கொடைக் காசில் கட்டிய சுவர் வீண். யார் தலையில் போடுவது? முடிவில், அமைப்பின் தவறாக எழுதி, நன்கொடை கொடுத்தவர்களுக்கு விரிசல் போட்டோவோடு கணக்கு அனுப்பினோம். ஒருவர் அடுத்த வருடம் நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. புதிதாக வந்த இரண்டு பேர் அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் வந்தோம் என்றார்கள். லாபம் எடுக்காத அமைப்புக்குத் தப்பை மறைப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். வியாபாரிக்காவது மறைத்தால் விற்பனை மிஞ்சும்.

இரண்டாவது முறை

கரிசலுக்கு என்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் வெகுகாலம் முன்பே ஒரு வழி சொல்லியிருக்கிறது. கையால் சுற்றும் துரப்பணத்தில் பத்துப் பன்னிரண்டு அடிக்குக் குழி இறக்கி, அடியில் குடம் மாதிரி அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவது. மேல் மண் ஊதினாலும் சுருங்கினாலும் அடியில் உள்ள குடம் அசையாத மண்ணில் பிடித்துக்கொள்ளும். அந்தத் தூண்களின் தலையை ஒரு பீமால் இணைத்து அதன் மேல் சுவர். பீமுக்கு அடியில் மூன்று நான்கு அங்குல வெற்றிடம் விட வேண்டும், ஊதும் மண் பீமை முட்டாமல் இருக்க. நம் ஊர் மேஸ்திரிகள் அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் கை அரிக்கும், மண் போட்டு நிரப்பிவிடுவார்கள். அதைத் தடுக்கவே நான் மூன்று நாள் அங்கே படுத்திருந்தேன்.

துரப்பணத்தைக் கோயம்புத்தூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் கடன் வாங்கினோம். நாலு ஆள் சுற்ற வேண்டும். லேத் பட்டறை மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து, தேய்ந்த வெட்டுவாயை அவனே தீட்டிக்கொடுத்தான். அடித்தளத்துக்கு மட்டும் அந்த 4 லட்சத்தில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. மீதியில் 420 சதுர அடி வீடு எழும்ப வேண்டும். அங்கேதான் கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் வருகிறார்.

பேக்கர் பர்மிங்ஹாமில் 1917-இல் பிறந்து, கேரளத்தில் வீடு கட்டி, 2007-இல் திருவனந்தபுரத்தில் இறந்தவர். லட்சம் வீடு காலத்து முதல்வரான அதே அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் இவர்களோடு சேர்ந்து 1985-இல் திருச்சூரில் காஸ்ட்ஃபோர்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். எங்களைப் போன்ற சின்ன அமைப்புகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். எங்கள் வேலைக்கு அவரிடமிருந்து இரண்டு விஷயம் போதுமாக இருந்தது.

ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் மூன்று அங்குலப் பொந்து விட்டுக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம், செங்கல் கால்வாசி குறையும். பொந்தில் உள்ள காற்று சித்திரை வெயிலை உள்ளே விடாது. வெளியே பூச வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அக்கா முறுக்கிக்கொண்டார். "பூசாத வீட்டுல எம்மருமக வந்து இருப்பாளாங்க?" மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். செங்கல் அழகு என்று நகரத்துப் பத்திரிகையில் படிக்கலாம். காலனியில் பூசாத சுவர் என்றால் காசு தீர்ந்துபோன வீடு. பேக்கர் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதில் அக்கா பக்கம்தான். முன்பக்கம் பூசி மாம்பழ மஞ்சள் அடித்தோம். மற்ற மூன்று பக்கமும் அப்படியே.

இரண்டாவது, கூரையில் ஓடு புதைப்பது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. கம்பிச் சதுரங்களுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்து மேலே ஊற்றினால் சிமெண்டும் ஜல்லியும் குறையும், எடையும் குறையும். கரிசலில் எடை குறைவது சின்ன விஷயம் இல்லை. ஓடு எங்கே வாங்குவது என்ற கேள்வியே வரவில்லை. ரெட்டை வீட்டின் கூரையில் இருந்தே இறக்கினோம். உடையாதவற்றை அத்தை தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி அடுக்கி வைத்தார். அக்காவின் புது வீட்டில் மல்லாந்து படுத்தால் பழைய வீட்டின் ஓடு தெரியும்.

மாமாவின் பாதி என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டையுமே இடித்தோம். விரிசல் விழுந்த சுவர் அந்த முடிவை எங்களுக்காக எடுத்துவிட்டது. பட்டயம் வரும் வரை காத்திருக்காமல் அமைப்பின் காசில் ஓர் அறை, அடுப்படி, கக்கூஸ் மட்டும் அதே குடத்தூண் மேல் கட்டினோம். பீமை மட்டும் முழு வீட்டு அளவுக்கு ஓட்டி வைத்தோம். என்றைக்குப் பட்டியலில் பெயர் வருகிறதோ அன்றைக்கு மீதிச் சுவரை எழுப்பிக்கொள்ளலாம். பஞ்சாயத்துக் கட்டிட விதியில் எல்லையில் இருந்து விட வேண்டிய இடைவெளி ஒன்று உண்டு. மூன்று சென்டுக்கு உட்பட்ட சின்ன மனைகளுக்குச் சலுகை இருப்பதால் தப்பித்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இப்போது மூன்றடிச் சந்து.

கட்டும் மாதங்களில் இரண்டு குடும்பமும் காலனிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் தார்ப்பாய்க் கொட்டகையில் இருந்தார்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயைப் பிடித்து வரும்போது தார்ப்பாய் நிற்காது. ஒரு ராத்திரி அது பறந்து பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்தது. தற்காலிகக் குடியிருப்புக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு பைசா ஒதுக்கீடு இல்லை என்பதை அன்றைக்குத்தான் உறைத்து உணர்ந்தோம். அடுத்த வேலையில் இருந்து வாடகை அறைக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்கிறோம்.

பணம்

தவணைக்கும் தவணைக்கும் நடுவில்தான் குடும்பங்கள் கடனில் விழுகின்றன. கேரளத்தில் கந்துவட்டிக்காரருக்குப் 'பிளேடு' என்று பெயர். 2014-இல் அரசே ஆபரேஷன் குபேரா என்று பெயர் வைத்து ரெய்டு போன அளவுக்கு அது முற்றியிருந்தது. இப்போது பிளேடு குறைந்து, வாரக் குழுக்கடன் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை யார் வீட்டு வாசலில் பெண்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் வேலை அந்த இடைவெளியை அடைப்பது. பணமாகக் கொடுப்பதில்லை, சிமெண்ட், கம்பி, எம்சாண்டாகக் கொடுத்து, அரசுத் தவணை வந்ததும் திரும்ப வாங்குகிறோம். வட்டி கிடையாது. அதே தொகை அடுத்த வீட்டுக்குப் போகும். அக்கா சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே கட்டிவிட்டார். தொழிலுறப்பில் (நூறு நாள் வேலைத் திட்டம்) வீட்டு வேலைக்கு என்று கொடுத்த 90 நாள் கூலியும் அவருக்குக் கைகொடுத்தது.

மாமாவிடம் நாங்கள் தவறான தாராளம் காட்டினோம். "முடிஞ்சப்போ முடிஞ்சதைக் குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை என்று அத்தை பின்னால் சொன்னார். எவ்வளவு, எப்போது என்று தெரியாத கடன் மானஸ்தனுக்கு வட்டிக்கடனைவிட மோசம். என்னைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். அப்புறம் உட்கார்ந்து பேசி, மாதம் பத்தாம் தேதி 500 ரூபாய் என்று நோட்டில் எழுதினோம். அதற்குப் பிறகுதான் டீ குடிக்கக் கூப்பிட்டார்.

இப்போது

அக்காவின் வீட்டுக்குப் பஞ்சாயத்து நம்பர் விழுந்துவிட்டது, கரண்டும் வந்துவிட்டது. மருமகளும் வந்துவிட்டாள், பூசாத பின்பக்கத்தை அவள்தான் போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறாளாம். மாமாவின் வாரிசுக் காகிதம் தாலுகா ஆபீஸ் வரை வந்து நிற்கிறது. மூன்றடிச் சந்தைக் கூட்டுவது யார் என்பதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரு மாதம் போனது. ஒரே சுவரில் ஐம்பது வருடம் இருந்தவர்களுக்குள் அப்படி ஒரு சண்டை வந்ததே இல்லை என்றார் அத்தை, கொஞ்சம் பெருமையாக.

மாமாவின் அறையில் மேற்கு மூலையில் ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தது. அதன் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சிமெண்டில் ஒட்டி, தேதி எழுதி வைத்தோம். சுவர் அசைந்தால் சில்லு உடையும். ஒரு முழு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியிருக்கிறது, உடையவில்லை.

கரிசலில் சுவரோரம் மரம் வைக்கக் கூடாது. வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சிவிடும், அந்தப் பக்கம் மண் இறங்கும். இதைச் சாவி கொடுத்த அன்றே சொல்லியிருந்தேன். போன மாதம் போனபோது அக்கா தென்கிழக்கு மூலையில், சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, முருங்கைப் போத்து நட்டிருந்தார். பிடுங்கச் சொன்னேன். "முருங்கை என்னங்க பண்ணும், அது பாவம்" என்றார். ஓர் ஆள் உயரம் வந்துவிட்டது. கீரை ஒரு கட்டு ஒடித்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தேன். ஐப்பசிக்குள் இன்னொரு தடவை போய்ச் சொல்ல வேண்டும்.